நாற்பத்திரண்டு பில்லட்டும் ஒரு மெகாபைட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஏஞ்சல் செய்த கணினிப் பெட்டி பதினோராவது முறையாகச் செத்துப் பிழைத்தது. செத்தது கூடப் பரவாயில்லை. பிழைத்து எழுந்ததும் அது காட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உலையில் பில்லட்: 0" என்று பச்சை எழுத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் திரையில் காட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உலைக்குள், நாற்பத்திரண்டு பில்லட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று வெந்துகொண்டிருந்தன.

பில்லட் என்பது ஆளைவிட நீளமான இரும்புக் கட்டை. அதை உலையில் ஒரு பக்கம் தள்ளி, பழுக்கக் காய்ச்சி, மறுபக்கம் இழுத்து, உருளைகளுக்கு நடுவே விட்டால் கட்டடம் கட்டும் கம்பியாக நீண்டு வரும். எந்தக் கட்டை எப்போது உள்ளே போனது, எவ்வளவு சூடேறியிருக்கிறது, எதை எப்போது இழுக்கலாம் என்று சொல்வதுதான் ஏஞ்சலுடைய பெட்டியின் வேலை. முன்னாலேயே இழுத்தால் வேகாத இரும்பு உருளையை உடைக்கும். தாமதித்தால் மேல்பக்கம் கருகிப் பொருக்குப் பொருக்காக உதிரும்.

"ஏஞ்சலு, உன் பொட்டி பேய்முழி முழிக்குது பாரு," என்றார் லோகு. உலையை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர் அவர்தான். "உள்ள ஒண்ணுமே இல்லியாம். அப்ப நான் காலையிலேர்ந்து இன்னாத்த வேகவெச்சிக்கினு கீறேன்? இட்லியா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏஞ்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு கட்டைகளின் விவரத்தையும் கையால் ஒவ்வொன்றாகத் தட்டெழுத வேண்டும். முக்கால் மணி நேரம். அதுவரை உருளைகள் சும்மா நிற்கும், உலை மட்டும் எரியும். அவள் எழுதி முடிக்கும்போது ஆலை மேலாளர் ஆதிநாராயணன் கதவருகே வந்து நின்றார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், அடுத்த புதன்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது சரியாகலேன்னா பொட்டியக் கழட்டி எடுத்துக்கினு போயிடுங்க. நாங்க பழையபடி பாத்துக்கறோம்."

ஏழு நாள். ஏஞ்சல் தலையை ஆட்டினாள். பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தப் பெட்டி அவளுக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஏஞ்சல் ஆரம்பாக்கத்துக்காரி. அப்பா சுப்பராயனும் அம்மா மேரியும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். அதற்கு மறுமாதமே அவள் சிப்காட் வேனில் ஏறிவிட்டாள். மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை. நாளைக்கு நானூறு பலகை. எட்டு வருஷம். மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளிய பழுதான பலகைகளைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, பூதக்கண்ணாடியில் உற்று உற்றுப் பார்ப்பாள். எந்தப் பற்று விட்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவாள். காட்டினால் போதாது, ஏன் விட்டது என்றும் தெரிய வேண்டும் அவளுக்கு. அந்த 'ஏன்' பிடித்த பிடியில்தான், வேலை பார்த்துக்கொண்டே பாலிடெக்னிக்கில் சேர்ந்து நாலு வருஷத்தில் டிப்ளமோ வாங்கினாள்.

பிறகு வீரராகவன் என்பவருடைய பட்டறையில் சேர்ந்தாள். ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொடுக்கும் சின்ன இடம், ஐந்தே பேர். பற்றவைக்கத்தான் அவளை எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் நிரல் எழுத ஆரம்பித்துவிட்டாள். கைப்பேசியில் பாடம் படித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, தப்பும் தவறுமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதி! உலைப்பெட்டிதான் அவள் தலையிலிருந்து கால்வரை தானே செய்த முதல் பெட்டி. தகரத்தில் துளை போட்டது அவள், உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றியது அவள், நிரல் எழுதியது அவள். திரையின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் வரைந்ததும் அவள்.

பெட்டி ஏன் சாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். சூட்டை அளக்கும் கார்டு ஒன்றை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அதோடு வந்த இயக்கி நிரலில் கோளாறு. அது சிக்கிக்கொண்டால் கெர்னலையே, அதாவது லினக்ஸின் மையக் கருவையே, கீழே தள்ளிவிடும். கார்டு செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டாயிற்று. "மூன்று மாதத்தில் சரிசெய்து அனுப்புகிறோம்" என்று பதில் வந்தது. பெட்டி பத்து நொடி அசையாமல் கிடந்தால் தானாகத் தட்டி எழுப்ப உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. எழுந்துவிடும். ஆனால் எழுந்ததும் மெமரி முழுக்கப் புதிது. பழையது ஒன்றும் இல்லை.

"மெமரி கார்டுல எழுதி வெக்கலாம்ல?" என்று யாரும் கேட்பார்கள். எழுதினார்கள். உலைப் பக்கத்துச் சூட்டில், நொடிக்கு நொடி எழுதி எழுதி, நாலு மாதத்தில் மெமரி கார்டு தேய்ந்து உயிரை விட்டது. இரண்டாவது கார்டு மூன்றே மாதம். அதற்குப் பிறகு வீரராகவன் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி ஏஞ்சல் யோசித்தாள். கெர்னல்தானே சாகிறது? கரண்ட் போகவில்லையே! கரண்ட் இருக்கிறவரை மெமரியில் இருந்தது அப்படியேதானே இருக்கும்? அதைத் துடைப்பது யார்? புதிதாக எழுகிற கெர்னல். மொத்த இடமும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு மேலே மேலே எழுதிவிடுகிறது. அப்படியானால், "இந்த ஒரு துண்டு மட்டும் உனக்கில்லை, தொடாதே" என்று அதனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்?

சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிட்டாள்.

தேடிப் பார்த்தால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது! ரிசர்வ்டு மெமரி என்று பெயர். பலகையின் அமைப்பை விவரிக்கும் கோப்பில் நாலே வரி சேர்த்தால் போதும். எந்த முகவரியிலிருந்து, எவ்வளவு நீளம் என்று குறித்துவிட்டால் கெர்னல் ஒவ்வொரு தடவை எழும்போதும் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற இடத்தில் கால் வைக்கும். நாற்பத்திரண்டு பில்லட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு மெகாபைட்டே தாராளம்.

வீரராகவனிடம் ஓடினாள்.

"சார், பெட்டி செத்தாலும் பில்லட் விவரம் சாகாது சார்! ஒரு மெகாபைட் மட்டும் ரிசர்வ் பண்ணி வெச்சிடலாம்!"

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பண்ணிக் காட்டு மா. வாயில சொன்னா எல்லாம் ஓடும்."

வியாழக்கிழமை காலை, சோதனைப் பலகையில் ஒரு மெகாபைட்டை ஒதுக்கினாள். அந்தத் துண்டு முழுக்க ஆரம்பாக்கம், ஆரம்பாக்கம், ஆரம்பாக்கம் என்று ஆங்கில எழுத்தில் ஊர் பெயரையே நிரப்பினாள். கெர்னலை வேண்டுமென்றே கீழே தள்ளினாள். பலகை தானாக எழுந்தது. திறந்து பார்த்தாள்.

குப்பை. ஊர் பெயர் ஒரு இடத்தில் கூட இல்லை.

கெர்னல் அந்தத் துண்டைத் தொடவில்லை என்று அதன் முதல் அறிக்கையிலேயே தெளிவாக எழுதியிருந்தது. "ஒதுக்கப்பட்டது" என்று முகவரியோடு சொல்லியது. ஆனாலும் குப்பை! மறுபடி நிரப்பினாள், மறுபடி தள்ளினாள். குப்பை. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள் முப்பத்தாறு தடவை. முப்பத்தாறிலும் குப்பை. கடைசியாக அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறினாள்.

சனிக்கிழமை காலை, கணவன் எபினேசர் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கன்டெய்னர் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் அவன்தான் நாஷ்டா போடுவான்.

"இன்னா ஏஞ்சலு, தோசையப் பாத்துக்கினே கீற. அதுலயும் குப்பையா?"

"எபி, ஒண்ணு மட்டும் புரியல. குப்பைன்னா தடவைக்கு ஒரு மாதிரி இருக்கணும்ல? இது ஒவ்வொரு தபாவும் ஒரே மாதிரி குப்பை."

"ஒரே மாதிரி இருந்தா அது குப்பையே இல்ல. எவனோ கொணாந்து வெச்சிட்டுப் போறான்," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த தோசையை ஊற்றினான்.

அவள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே அதைப் பற்றி யோசித்தாள். எவனோ வைத்துவிட்டுப் போகிறான்.

சூலூர்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் சனிக்கிழமையும் கூட்டம்தான். ஜன்னல் ஓரம் சாய்ந்து நின்று, கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். இடப்பக்கம் வெறும் எண்கள். வலப்பக்கம், அந்த எண்களில் ஏதாவது எழுத்தாகப் படிக்க முடிந்தால் அந்த எழுத்து, இல்லாவிட்டால் புள்ளி. புள்ளி, புள்ளி, புள்ளி, ஒரு எஸ், ஒரு சாய்கோடு, புள்ளி. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். எளாவூர் வந்தது. கூடைக்காரர்கள் ஏறினார்கள். யாரோ தோளில் இடித்ததில் படம் வழுக்கி வேறு மூலைக்குப் போனது. அந்த மூலையில், புள்ளிகளுக்கு நடுவே, ஐந்து ஆங்கில எழுத்துகள்.

ஏ. என். ஜி. இ. எல்.

அவளுடைய பெயர்!

குப்பைக்குள் தன் பெயர் எப்படி வரும்? பக்கத்தில் இன்னும் நாலைந்து எழுத்துகள். சேர்த்துப் படித்தாள். அவளே எழுதிய ஒரு சின்னக் கோப்பின் பெயர் அது. பெட்டி எழும்போது முதலில் ஓட வேண்டிய வேலைகளை எழுதி, கர்வத்தோடு தன் பெயரையே வைத்திருந்தாள். அந்தக் கோப்பு இருப்பது எங்கே? கெர்னலோடு சேர்த்து ஏற்றப்படும் தொடக்க மூட்டைக்குள். அந்த மூட்டையை மெமரியில் இறக்கி வைப்பது யார்? கெர்னல் இல்லை. கெர்னலுக்கும் முன்னாலேயே எழுந்து, கெர்னலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைக்கிற பூட்லோடர்!

"அய்யோ!" என்று கத்தியேவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பெண்மணி பதறிப் போனார். "இன்னாமா, பர்ஸ் போச்சா?"

"இல்லக்கா, கெடைச்சிடிச்சி! கெடைச்சிடிச்சி!"

"கெடைச்சதுக்கா இந்தக் கத்து கத்தின?"

கும்மிடிப்பூண்டியில் ரயில் நிற்கும் முன்பே கதவருகே போய் நின்றாள். ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருக்கப் பொறுமையில்லை. வெயிலில், வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு ஓரமாக ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். வீரராகவன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கெர்னல் மேல தப்பே இல்ல சார்! ரிசர்வ் பண்ணது கெர்னலுக்குத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி வர்ற பூட்லோடருக்குத் தெரியாது. டி.டி.ஆர் வர்றதுக்குள்ள ரிசர்வ் பெட்டியில ஏறி மூட்டையப் பரப்பி வெச்சிருக்கான். கரெக்டா நம்ம சீட்டுல!"

அவர் ஷட்டரைப் பாதியில் பிடித்தபடியே கேட்டார். "மூட்டையை வேற எடத்துல எறக்கச் சொல்லலாமா?"

"ஒரே ஒரு நம்பர் சார். மாத்தினா போதும்!"

மாற்றினாள். ஊர் பெயரை நிரப்பினாள். கெர்னலைத் தள்ளினாள். பலகையின் விளக்கு அணைந்து, மறுபடி சிவந்து, பச்சையானது. விசையைத் தட்டினாள்.

ஆரம்பாக்கம். ஆரம்பாக்கம். ஆரம்பாக்கம். ஆரம்பாக்கம்.

திரை கொள்ளாமல் வரிவரியாக ஓடியது! மேலே போனாலும் ஆரம்பாக்கம், கீழே போனாலும் ஆரம்பாக்கம். ஏஞ்சல் மேசையைக் கையால் தட்டோ தட்டென்று தட்டினாள். பட்டறையில் வேலை செய்யும் காயத்ரி, பற்றவைக்கிற கம்பியை வைத்துவிட்டு ஓடிவந்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள். மதியத்துக்குள் ஐம்பது தடவை தள்ளிப் பார்த்தார்கள். ஐம்பதிலும் ஒரு எழுத்து பிசகவில்லை.

திங்கட்கிழமை வீரராகவன் வந்து, அவள் செய்ததை முழுவதும் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"நல்லாருக்கு மா. ஆனா ஒண்ணு. பெட்டி விவரத்தை எழுதிக்கினு இருக்கும்போதே, பாதியில, செத்துப்போச்சுன்னா?"

ஏஞ்சலுக்கு முகம் விழுந்துவிட்டது. பாதி பழைய விவரம், பாதி புதிய விவரம். எழுந்ததும் பெட்டி அதை நம்பி, வேகாத கட்டையை இழுக்கச் சொல்லும். பூஜ்யம் என்று காட்டுவதாவது பார்த்ததும் பொய் என்று தெரியும். இது மெய் போலவே இருக்கும் பொய். இதற்கு அதுவே மேல்!

எழுதியதை அரை மணி நேரம் வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து இரண்டு கட்டம் போட்டாள். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதுவது. முதல் இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுவது. ஒவ்வொன்றின் கடைசியிலும் மொத்த விவரத்தையும் கலந்து பிழிந்த ஒரு சரிபார்ப்பு எண். எழுந்ததும் பெட்டி அந்த எண்ணைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் எழுதுகிறது என்பதால் இன்னொன்று எப்படியும் முழுதாக இருக்கும். இரண்டுமே பொருந்தவில்லை என்றால், "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தெரியாதுன்னு சொல்றது முக்கியம் சார்," என்றாள்.

வீரராகவன் சிரித்தார். "அந்த புத்தி நெறைய பேருக்கு இல்ல மா. பெட்டிக்காவது இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை முழுக்க, பெட்டி விவரத்தை எழுதும்போதே கெர்னலை வேண்டுமென்றே தள்ளித் தள்ளிச் சோதித்தாள். புதன்கிழமை காலை முதல் ஷிப்டில், பெட்டியில் புது ஏற்பாட்டை ஏற்றிக்கொண்டு உலை முன்னால் வந்து நின்றாள்.

முதல் சண்டை லோகுவோடு. பெட்டி அசையாமல் போனால் அவர் இதுவரை செய்து வந்த வைத்தியம் ஒன்றுதான்: சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவது.

"அண்ணா, இனிமே அந்த சுவிட்ச்சு மேல கையே வைக்கக் கூடாது. கரண்ட் போச்சுன்னா மெமரியில ஒண்ணும் நிக்காது. எல்லாம் போயிடும்."

"பொட்டி மூச்சு வுடாம கெடந்தா? நான் வேடிக்க பாத்துக்கினு நிக்கணுமா?"

"ஆமாண்ணா. வேடிக்கதான் பாக்கணும். அதுவா எழுந்திரிக்கும்."

"நல்ல கதையா கீதே," என்று சொல்லிவிட்டு லோகு கரும்பலகைப் பக்கம் போனார். பெட்டியை நம்பாத நாளிலிருந்து, உள்ளே தள்ளும் ஒவ்வொரு கட்டைக்கும் அவர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளியே இழுத்தால் அழித்துக்கொண்டிருந்தார்.

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கட்டைகள் போயின, வந்தன. பெட்டி சமர்த்தாக இருந்தது. இன்று மட்டும் சாகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஏஞ்சலுக்குக் கவலை வந்துவிட்டது! ஆதிநாராயணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினொன்று இருபதுக்கு அவர் மூன்றாம் முறை உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நேரத்தில், திரையில் ஓடிக்கொண்டிருந்த நொடி எண் நின்றது.

"போச்சு!" என்றார் லோகு. பழக்க தோஷத்தில் அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"அண்ணா, கை வைக்காதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் லோகு கையை நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டார். கட்டுப்பாட்டு மேசையில் அவர் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தார், உலை நிற்காதே. ஏஞ்சல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நொடி. எட்டு. பத்து. சில்லு தட்டி எழுப்ப வேண்டும். திரை கறுத்தது. கறுத்தே கிடந்தது. பதினைந்து. ஆதிநாராயணன் எழுந்து நின்றார். இருபது. வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடின. இருபத்துமூன்றாவது நொடியில் பச்சை எழுத்து வந்தது.

"முதல் பிரதி: பழுது. இரண்டாம் பிரதி: சரி. உலையில் பில்லட்: 42."

எழுதும்போதே செத்திருக்கிறது! வீரராகவன் கேட்ட அதே இடத்தில், அதே பாதியில். முதலாவது கிழிந்து, இரண்டாவது முழுதாக. "வந்திடிச்சி! சார், வந்திடிச்சி!" என்று ஏஞ்சல் குதித்துவிட்டாள்.

"இருங்க, இருங்க," என்றார் ஆதிநாராயணன். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி எண்ணினார். "இதுல நாப்பத்தி மூணு கோடு இருக்கே."

ஏஞ்சல் ஒரு தடவை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாற்பத்துமூன்று. ஒன்று எங்கே போயிற்று? சரிபார்ப்பு எண் பொருந்தியிருக்கிறது. பொருந்தியும் தப்பா? அப்படியென்றால் ஐம்பது சோதனையும் வீண், இரண்டு பிரதியும் வீண். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

பிறகு பழைய 'ஏன்' தலைதூக்கியது. எந்தக் கட்டை இல்லை? திரையில் வரிசையாகப் பார்த்தாள். முதலிலிருந்து எல்லாம் இருந்தன. நடுவில் ஓட்டையில்லை. கடைசிக் கட்டை உள்ளே போன நேரம், பதினொன்று பத்தொன்பது.

"லோகண்ணா," என்றாள் மெதுவாக, "பெட்டி செத்துக் கெடந்தப்ப நீங்க ஒண்ணு உள்ள தள்ளினீங்களா?"

லோகு திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி புரியாமல் விழித்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

"ஆமா மா! தள்ளினேன்! உன் பொட்டி தூங்கிச்சின்னா நானும் தூங்கறதா? ஒரு கட்டயத் தள்ளிட்டு கோடு போட்டேன்!"

"அப்ப பெட்டி சொன்னது கரெக்ட்டு! சாகறப்ப நாப்பத்திரண்டு. செத்த பின்னாடி போனது அதுக்கு எப்படித் தெரியும்?"

லோகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆதிநாராயணன் கூடச் சிரித்துவிட்டார். ஆனால் அவர் லேசில் ஒப்புக்கொள்ளும் ஆளில்லை. "அடுத்து இழுக்க வேண்டியது எது? அதோட சூடு எவ்ளோன்னு உங்க பெட்டி சொல்லுது?"

ஏஞ்சல் நாற்பத்துமூன்றாவது கட்டையை மட்டும் கையால் சேர்த்தாள். ஒரே வரி, அரை நிமிஷம். திரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆயிரத்து நூத்தி அறுபத்தெட்டு டிகிரி."

லோகு கட்டையை வெளியே இழுத்தார். மஞ்சளாகக் கண் கூசும்படி வந்தது. சூட்டுமானியைத் துப்பாக்கி போலப் பிடித்துப் பார்த்து, அவர் குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஆயிரத்து நூத்தி அறுபத்தஞ்சு!"

மூன்று டிகிரி. வெளிக்காற்று பட்டதற்கே அவ்வளவு குறையும். கட்டை உருளைக்குள் போயிற்று. மறுமுனையில் செக்கச்செவேலென்று நீளக் கம்பியாகப் பாம்பு போலச் சீறிக்கொண்டு வந்தது. ஆலை நிற்கவே இல்லை! முக்கால் மணி நேரம் ஆகிற இடத்தில் இரண்டே நிமிஷம்.

ஆதிநாராயணன் வெளியே போகும் முன் கதவருகே நின்றார். "பெட்டி இங்கயே இருக்கட்டும் மேடம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏஞ்சல் உலைக்கு வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, எபினேசருக்குப் போன் செய்து, "கரெக்ட்டா எழுந்திடிச்சி எபி!" என்று கத்தினாள். கிரேன் மேலிருந்தே அவன் போட்ட விசில் அவள் காதைக் கிழித்தது.

அடுத்த வாரத்திலேயே தள்ளுகிற இயந்திரத்தில் ஒரு சின்ன எண்ணியைப் பொருத்திவிட்டாள். பெட்டி தூங்கும்போது எத்தனை கட்டை உள்ளே போனாலும் அது தனியே எண்ணிவைத்து, பெட்டி எழுந்ததும் சொல்லிவிடும். லோகு இரண்டு வாரம் கோடு போட்டுச் சரிபார்த்தார். மூன்றாவது வாரம் கரும்பலகையில் கோடுகளைக் காணோம். யாரோ கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருந்தார்கள்.

பூட்லோடர் செய்த கூத்தையும் அவள் விடவில்லை. அந்தப் பலகையைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில், ஒதுக்கிய இடத்தைச் சரிபார்க்கும்போது தொடக்க மூட்டை எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள் என்று, எட்டே வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். அந்த எட்டு வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆயிற்று. போலந்தில் இருக்கும் யாரோ ஒருவர், மூன்று வாரமாக இதே இடத்தில் முட்டிக்கொண்டிருந்ததாகவும், அவள் தன் வேலையைக் காப்பாற்றிவிட்டதாகவும் பதில் எழுதினார். அதை அவள் காயத்ரிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, கார்டு செய்தவர்கள் சொன்னபடியே திருத்திய இயக்கியை அனுப்பினார்கள். அதைப் போட வேண்டுமானால் கெர்னலையே புதியதாக மாற்ற வேண்டும். வழக்கமாக இப்படியான வேலைக்கு உலையை அணைக்கும் நாள் வரைக்கும் காத்திருப்பார்கள். ஏஞ்சல் காத்திருக்கவில்லை. அதற்குள் அவள் இன்னொன்றும் படித்திருந்தாள்: பழைய கெர்னல் பூட்லோடரை எழுப்பாமலே, நேராகப் புதிய கெர்னலின் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் வழி. பட்டறையில் இருநூறு தடவை செய்து பார்த்திருந்தாள். ஒதுக்கிய மெகாபைட்டில் ஒரு புள்ளி அசையவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, முழு உற்பத்தி ஓடிக்கொண்டிருக்க, லோகுவின் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். உள்ளே நாற்பத்தொரு கட்டைகள். லோகு முன்னெச்சரிக்கையாக எதையும் உள்ளே தள்ளாமல், இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு, தேர்வு எழுத வந்த பையன் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. ஏஞ்சல் ஒரு வாய் குடித்தாள், விசையைத் தட்டினாள், இன்னொரு வாய் குடித்தாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது போல இருந்தது. ஆறு நொடி. மறுபடி பச்சையில் 41.

டீ ஆறிக்கொண்டிருந்தது. லோகுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா மா, ஒக்காந்து ஒக்காந்து முதுகு புடிச்சிக்கிச்சி. எப்பதான் பண்ணப் போற?"

"பண்ணியாச்சுண்ணா," என்றாள் ஏஞ்சல்.